நீலம் எங்கே போச்சு?

லண்டன் கோர்ட்டால்டு கலைக்கூடத்தில் ஓர் ஓவியம். முன்னால் ஒற்றைப் பைன் மரம். பின்னால் அமைதியான மத்தியதரைக்கடல். தூரத்தில் மலைகள். மனித நடமாட்டமே இல்லை. வெயில் மட்டும்தான்! நீலத்தில்தான் எத்தனை நீலம்... கடலுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று!

பிரெஞ்சு ஓவியர் க்ளாத் மோனே, 1888-ல் தென் பிரான்சின் ஆன்டீப் கடற்கரையில் தீட்டியது இது. அப்போது அவருக்கு வயது 47.

இனி, முதுமையில் அவர் வரைந்த ஜப்பானியப் பாலம் ஓவியங்களைப் பாருங்கள். சிவப்பும் பழுப்புமாகக் குழம்பிக் கிடக்கும். நீலம் எங்கே போச்சு?

கண் டாக்டர்கள் சொல்லும் முக்கியக் காரணம், கண்புரை!

நம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக மங்கி, மஞ்சளாகி, பழுப்பாகிறது. மஞ்சள் கண்ணாடித்தாள் வழியாகப் பார்ப்பது போலத்தான். நீல ஒளி உள்ளே போவது குறைந்துவிடும். மெள்ள மெள்ள நடப்பதால் நமக்கே தெரியாது.

மோனேவுக்கு 1912-ல் புரை என்று தெரிந்தது. ஆபரேஷன் என்றாலே பயம். பத்து வருஷம் தள்ளிப்போட்டார். கடைசியில், டியூபில் ஒட்டிய பெயரைப் பார்த்துத்தான் வண்ணம் எடுக்க வேண்டிய நிலை! 1923-ல், 82 வயதில், வலது கண்ணில் ஆபரேஷன். அன்றைக்குச் செயற்கை லென்ஸ் கிடையாது (முதல் லென்ஸ் பொருத்தியது 1949-ல்). தடிமனான கண்ணாடிதான். அதோடு மல்லுக்கட்டி, 1926-ல் இறக்கும் வரை வரைந்தார்.

அவர் பயந்ததில் நியாயம் உண்டு. இன்றைக்கு நாம் பயப்படலாமா? பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்து, அன்றே வீடு திரும்பிவிடலாம். ‘புரை நல்லா முத்தட்டும்’ என்று காத்திருப்பதும் தப்பு. முற்றினால் லென்ஸ் கெட்டியாகி, ஆபரேஷன் கஷ்டமாகும்.

உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஒரு நீலப் புடவையைக் காட்டுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கட்டும். நிறம் வேறுபட்டாலோ, எதிரே வரும் வண்டியின் விளக்கு கூசினாலோ, அடிக்கடி கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தாலோ கண் டாக்டரிடம் காட்டுங்கள். வித்தியாசம் தெரியவில்லையா? அதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள். இரண்டு கண்ணும் சமமாக மங்கியிருக்கலாம்!