தம்பி, முதல்ல போன் மணியைக் கேளு

மக்ரூன் கடைக்கு வெப்சைட் பண்ணப் போறியாமே, சந்தோஷம். லேப்டாப்பைத் திறக்கிறதுக்கு முன்னால அக்கா சூடுபட்ட கதையைக் கேட்டுக்கோ.

என் முதல் ஆர்டர், நம்ம தூத்துக்குடித் துறைமுகத்தை நம்பிப் பிழைக்கிற ஒரு கிளியரிங் ஏஜென்ட். "முகப்புல கப்பல் ஓடணும், முத்து மின்னணும்" என்றார். முத்துக்குளிப்பு நின்னு அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனாலும் மின்ன வச்சேன். மூணு மாசம் கழிச்சு, "ஒருத்தனும் பாக்க மாட்டேங்கான், எல்லாரும் போன்லதான் கேக்காங்க" என்று முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டார். போன்ல என்னதான் கேக்காங்கன்னு எனக்கு அப்பதான் கேக்கத் தோணுச்சு!

மறுநாள் ஒரு நோட்டோட அவர் ஆபீஸ்ல காலையிலிருந்து உக்காந்தேன். கொழும்பு வெசல் எப்ப, கட்-ஆஃப் எத்தனை மணி, ஷிப்பிங் பில்லுக்கு என்னென்ன பேப்பர் வேணும். திரும்பத் திரும்ப இந்த மூணுதான். முத்தைத் தூக்கிட்டு இதை முகப்புல வச்சேன். வெசல் தேதி மாறிக்கிட்டே இருக்குமே, யார் திருத்துவா? முதலாளிக்கு நேரம் கிடையாது. ஆபீஸ் பையன் போன்லயே மாத்துற மாதிரி பண்ணிக் கொடுத்தேன். இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டுடு. இல்லன்னா நள்ளிரவுல உனக்குத்தான் போன் வரும்.

பேர் விஷயமும் இருக்கு. 2011-ல துறைமுகத்துக்கு வ.உ.சி. பேர் வச்சாச்சு. ஆனா கப்பல் காகிதத்துல துறைமுகக் குறியீடு இன்னமும் 'டியுடி'தான். வெளிநாட்டுக்காரங்க பலர் 'டூட்டிகோரின்'னுதான் தேடுவாங்க. அதனால ரெண்டு பெயரும் வெப்சைட்ல இருக்கணும். உன் கடைக்காரரையும் கேளு: வாடிக்கையாளர் அவரை எந்தப் பேர் சொல்லித் தேடி வர்றாங்க? போர்டுல ஒரு பேர் இருக்கும், ஊர் வாயில வேற பேர் இருக்கும்.

கடைசியா சரின்னு சொல்றது யாருன்னும் தெரிஞ்சுக்கோ. கடைக்கார அப்பா தலையாட்டுவார், சென்னையில இருக்கிற மகன் எல்லாத்தையும் மாத்தச் சொல்வான். ரெண்டு பேரையும் ஒரே நாள்ல உக்கார வச்சுப் பேசு. அட்வான்ஸ் அப்புறம்.

மக்ரூனை அழகா படம் எடுக்கிறதெல்லாம் பெரிய வேலை இல்ல. முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரிதானே. ஈரக்காத்து பட்டா நமத்துப்போகும், பார்சல்ல போட்டா நொறுங்கும். வெளியூர்க்காரங்களுக்கு அந்தப் பயம்தான் இருக்கும். அதனால கல்லாவுல இருக்கிறவரை விட்டுட்டு, பின்னால டப்பா கட்டுற அண்ணன்கிட்ட முதல்ல பேசு. வரும்போது எனக்கும் கால் கிலோ கட்டச் சொல்லு.