பழைய லாரி இஞ்சினைச் சிக்கனமாகச் சீர்படுத்தும் முறை

பினாங்குத் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலம் 1985ஆம் ஆண்டில் திறக்கப்படுவதற்கு முன்னர், பட்டர்வொர்த் துறையில் லாரிகள் நீண்ட வரிசையில் காத்து நிற்பது அன்றாடக் காட்சியாக இருந்தது. செபராங் பிறை தோட்டங்களின் ரப்பர் ஷீட்டுகளும் தேங்காயும் நெல்லும் படகேறி ஜார்ஜ் டவுனைச் சென்றடைந்த காலம் அது. அந்த வரிசையில் பெட்போர்ட் என்னும் பெயர் தாங்கிய லாரிகளை நம்மில் மூத்தவர்கள் நன்கு அறிவர். தோட்டத்தில் பால் ஏற்றிய லாரியும், பள்ளிப் பிள்ளைகளைச் சுமந்து சென்ற லாரியும், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு நம்மை ஏற்றிச் சென்ற லாரியும் பல இடங்களில் இந்த இனத்தைச் சேர்ந்தவையே.

இன்று அத்தகைய பழைய லாரிகளை வாங்கிச் சீர்படுத்தும் ஆர்வம் நம் மக்களிடையே காணப்படுகிறது. ஆர்வம் நல்லதே. ஆனால் அதற்குச் செலவாகும் பணம் பெரும்பாலும் ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த பணமாக இருப்பதை எண்ணும்போது நமக்குக் கவலை உண்டாகிறது. நாம் அறிந்த முதியவர் ஒருவர், முப்பது ஆண்டுகள் தோட்ட லாரி ஓட்டியவர், ஓய்வு பெற்றதும் ஒரு பழைய பெட்போர்டை வாங்கினார். முதலில் சாயம் பூசினார். பின்னர் ஆறு புதிய டயர்கள் போட்டார். இருக்கைகளுக்குப் புதிய உறை தைத்தார். இறுதியில் இஞ்சினைத் திறந்தபோது பிலாக்கில் விரிசல் இருந்தது. கையிருப்பில் பாதி கரைந்த பிறகே அவருக்கு இது தெரிய வந்தது. வண்டி வாங்கிய அன்றே, ஒரு காசும் செலவின்றி, பத்து நிமிடத்தில் அவர் இதை அறிந்திருக்க முடியும். அந்த வழியையே இக்கட்டுரையில் முதலாவதாகக் கூற விரும்புகிறோம்.

இஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரை விளிம்பு வரை நிரப்புக. பின்னர் இஞ்சினை ஓட்டித் தண்ணீரைக் கவனித்தல் வேண்டும். தொடக்கத்தில் சில குமிழிகள் எழுவது இயல்பு. இடைவிடாது குமிழிகள் வந்துகொண்டே இருக்குமானால், எரிந்த வாயு தண்ணீர்ப் பாதையில் புகுகிறது என்பது பொருள். ஹெட் கேஸ்கட் பழுதாக இருக்கலாம். அன்றி ஹெட்டிலோ பிலாக்கிலோ விரிசல் இருக்கலாம். அடுத்து, எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவிப் பார்க்க வேண்டும். எண்ணெய் பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலந்துள்ளது. இவ்விரண்டில் ஒன்று தென்பட்டாலும், விலை பேசுவதை நிறுத்திவிட்டு ஓர் அனுபவமிக்க மெக்கானிக்கை அழைத்துக் காட்டுவதே அறிவுடைமை. சூடான இஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்துபோனவர்கள் உண்டு. ஆகவே குளிர்ந்த இஞ்சின் என்பதை மறக்கலாகாது.

பெட்போர்ட் லாரிகளைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். இங்கிலாந்தின் லூட்டன் நகரில் இயங்கிய வாக்ஸ்ஹால் நிறுவனம் 1931ஆம் ஆண்டில் இப்பெயரில் லாரிகளை வெளியிடத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகளுக்காக அது சுமார் 2,50,000 லாரிகளைத் தயாரித்தது. போர் முடிந்த பின்னர், இராணுவம் கழித்துவிட்ட லாரிகள் பல நாடுகளில் பொதுமக்கள் கைக்கு வந்தன. 1959இல் வெளிவந்த டி.கே. வகை லாரி உலகெங்கும் விற்பனையாயிற்று. தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் 1987இல் லாரித் தொழிலைக் கைமாற்றிவிட்டது. எனவே, புதிய உறுப்புகள் கடையில் வரிசையாகக் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இவற்றில் பெயர்பெற்ற பெட்ரோல் இஞ்சின் ஆறு சிலிண்டர்களைக் கொண்டது. ஒவ்வொரு சிலிண்டரின் விட்டமும் 3⅜ அங்குலம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 4 அங்குலம். மொத்தக் கொள்ளளவு 214 கன அங்குலம், அதாவது 3,519 கன சென்டிமீட்டர். வீட்டில் ஆறாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், வட்டத்தின் பரப்பளவைக் கண்டு, 4ஆலும் 6ஆலும் பெருக்கி, இக்கணக்கைச் சரிபார்க்கச் சொல்லலாம். இவ்வளவு பெரிய இஞ்சினாயினும் அமைப்பு எளிது. இக்காலத்து வண்டிகளைப் போல் கணினியோ உணர்கருவியோ இதில் இல்லை. அதனால்தான் இதை வீட்டிலேயே சீர்படுத்தலாம் என்று துணிந்து கூறுகிறோம்.

இனி, இஞ்சினின் உள்நிலையை அறியும் சோதனை. இதற்குக் கம்ப்ரஷன் கேஜ் என்னும் கருவி தேவை. வாங்க இயலாதவர்கள் பட்டறையில் இரவல் பெறலாம். இஞ்சினைச் சூடாக்கி, ஆறு பிளக்குகளையும் கழற்றி, எண்ணெய்க் கட்டையை முழுவதும் மிதித்த நிலையில், ஸ்டார்ட்டரால் சுற்றச் செய்து ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் எழுதிக்கொள்க. அழுத்தம் எவ்வளவு என்பதைவிட, ஆறும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கின்றனவா என்பதே முக்கியம். பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருக்கும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி இஞ்சின் எண்ணெயை விட்டு மீண்டும் அளக்க வேண்டும். இப்போது அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன. ஏனெனில் எண்ணெய் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்தது. உயராவிட்டால் குறை வால்வில் இருக்கிறது. அல்லது கேஸ்கட்டில் இருக்கிறது. இந்த ஒரு கரண்டி எண்ணெய் பல நூறு வெள்ளி வீண் செலவைத் தடுக்கும். குறை வால்வில் மட்டும் என்றால் ஹெட்டைக் கழற்றினாலே போதும். கீழ்ப்பகுதியைத் தொட வேண்டிய தேவையில்லை.

பல்லாண்டு நின்றுபோய் இறுகிவிட்ட இஞ்சினை வேறொரு லாரியில் கட்டி இழுத்துச் சுற்ற வைப்பவர்கள் உள்ளனர். இது பெருந்தவறு. துருப்பிடித்த வளையம் உடையும், தண்டு வளையும். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் இஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றி, ஒரு வாரமானாலும் ஊறவிட்டு, பிறகு கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தல் வேண்டும். பால் உறையும்வரை காத்திருக்கப் பழகிய நமக்குப் பொறுமையைக் கற்பிக்க வேண்டியதில்லை.

இந்த இஞ்சின் கால் டன்னுக்குக் குறையாத எடை கொண்டது. லயத்து வீட்டின் உத்தரத்தில் சங்கிலி கட்டி இதைத் தூக்க முனைவது உயிருக்கே ஆபத்தாகும். உண்மையில், ஹெட்டையும் அடித்தொட்டியையும் கழற்றினால், வண்டியிலேயே வைத்து வால்வு, வளையம், பேரிங் ஆகிய வேலைகளைச் செய்துவிடலாம். கிராங்க் தண்டைக் கடைய வேண்டும் என்று தெரிந்தால் மட்டுமே இஞ்சினை வெளியே எடுத்தல் வேண்டும். அப்போது தூக்கு எந்திரத்தை ஒரு நாள் வாடகைக்குப் பெறுவது மலிவு.

பிரித்தெடுக்கும்போது ஒவ்வொரு பொருளையும் அது இருந்த இடத்தின் எண்ணோடு வைக்க வேண்டும். பழைய பால் டின்களும், மாட்டுத்தீவனப் பையைக் கிழித்துச் செய்த அட்டைகளும் போதும். கனெக்டிங் ராடின் மூடியை வேறொரு ராடில் பொருத்தலாகாது. அவை இரண்டும் சேர்த்தே கடையப்பட்டவை. வால்வுகளும் அவ்வாறே தத்தம் இருக்கைக்கே திரும்ப வேண்டும். ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்துக. முறுக்கும்போது இதற்கு நேர்மாறாக, நடுவிலிருந்து தொடங்கி, மூன்று சுற்றில் இறுக்குதல் வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்க வேலைகளுள் மிகுந்த பயன் தருவது வால்வு தேய்த்தல். மணற்பசையை வால்வின் விளிம்பில் தடவி, உறிஞ்சு குச்சியால் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டித் தேய்த்தால், இருக்கையிலும் வால்விலும் மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரே சீரான வளையம் தோன்றும். பின்னர் பசையை முற்றிலும் துடைத்தெடுக்க வேண்டும். எஞ்சிய பசை இஞ்சினைத் தின்றுவிடும். கரியைச் சுரண்ட மரச்சீவலே நன்று. சிலிண்டர் கடைதல், கிராங்க் தண்டு தேய்த்தல், ஹெட்டின் மட்டத்தைச் சமன்செய்தல் ஆகிய மூன்றும் பட்டறை வேலை. இவற்றில் சிக்கனம் பார்த்தல் கூடாது. புதிய வளையம் போடுபவர்கள் அதன் வாய் இடைவெளியை அளத்தல் வேண்டும்: ஓர் அங்குல விட்டத்துக்கு அங்குலத்தின் ஆயிரத்தில் 3 முதல் 4 பங்கு என்பது பொது விதி. நமது இஞ்சினுக்கு அது ஆயிரத்தில் 10 முதல் 14 பங்கு வரை வரும்.

கருவிகளைப் பற்றி ஒரு சொல். பிரிட்டிஷ் லாரிகளின் மரைகள் அங்குல அளவின. மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து முறுக்கினால் போல்ட்டின் தலை உருண்டுவிடும். ஜார்ஜ் டவுனில் நகர விளையாட்டரங்கை ஒட்டிய லோரோங் கூலிட் காலைச் சந்தையில் பழைய பொருள்களைப் பரப்பி விற்கின்றனர். பொறுமையுடன் தேடினால் நல்ல எஃகில் செய்த பழைய அங்குல ஸ்பேனர்கள் அங்கே கிடைக்கும். விலை பேசுவதற்கு வெட்கப்பட வேண்டாம்.

ரப்பர் உறுப்புகளைப் பற்றி ரப்பர்த் தோட்டத்து மக்களாகிய நாம் தெரிந்திருத்தல் நல்லது. இஞ்சினைத் தாங்கும் மெத்தைகள் இயற்கை ரப்பரால் செய்யப்படுவன. அதிர்வைத் தாங்கி, மீண்டும் பழைய நிலைக்கு வருவதில் இயற்கை ரப்பருக்கு நிகரானது அரிது. ஆனால் பெட்ரோலும் எண்ணெயும் அதற்குப் பகை. சைக்கிள் டியூப்பை ஒட்டும் பசை, பெட்ரோல் போன்ற திரவத்தில் ரப்பரைக் கரைத்துச் செய்வதே அல்லவா? ஆகவே கையில் கிடைத்த ரப்பர்க் குழாயைப் பெட்ரோல் குழாயாகப் பொருத்தினால் அது உப்பி இளகிவிடும்; கசிந்த பெட்ரோல் சூடான புகைக்குழாயில் விழுந்தால் வண்டியே தீக்கிரையாகும். எண்ணெயைத் தாங்கும் செயற்கை ரப்பரில் செய்த, பெட்ரோலுக்கென்றே விற்கப்படும் குழாயைத்தான் வாங்க வேண்டும். டீசல் லாரி வைத்திருப்போர்க்கு இன்னொரு செய்தி: நம் நாட்டில் 2019 முதல் வாகன டீசலில் பத்து விழுக்காடு பனை எண்ணெய் டீசல் கலக்கப்படுகிறது. இது பழைய குழாய்களை இளகச் செய்வதோடு, தொட்டியில் படிந்த அழுக்கையும் கரைத்துக் கொண்டுவரும். ஆகவே முதல் சில மாதங்களில் வடிகட்டியை அடிக்கடி மாற்றுதல் நலம்.

பழைய கேஸ்கட்டுகளிலும் கிளட்ச் தகடுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோயை உண்டாக்கும். எனவே காற்றடித்துச் சுத்தம் செய்வதும், உலர்ந்த நிலையில் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதும் ஆகா. நீரால் நனைத்துச் சுரண்டி, பையில் கட்டிவிட வேண்டும். பிள்ளைகளை அருகில் விடலாகாது. மூடிய கொட்டகைக்குள் இஞ்சினை ஓட்டுவதும் கூடாது. புகையிலுள்ள நச்சு வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. வடித்தெடுத்த எண்ணெயை ஓடையில் ஊற்றுவது சட்டப்படி குற்றம். டின்னில் சேர்த்து வைத்தால், பட்டறைகள் தம் எண்ணெயோடு சேர்த்து ஒப்படைக்கும்.

நம் முதியவரின் கதையை முடிக்காமல் விட்டோம். அவர் பழைய இரும்புக் கடையொன்றில் விரிசலற்ற வேறொரு பிலாக்கைத் தேடி வாங்கினார். அத்துடன் தொல்லை தீரவில்லை. இஞ்சின் எண் பிலாக்கில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. அது பதிவு அட்டையிலுள்ள எண்ணோடு பொருந்தவில்லை. பழைய எண்ணையே புதிய பிலாக்கில் வெட்டிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னாராம். நல்ல வேளையாக அவர் அதற்கு இணங்கவில்லை. எண்ணை மாற்றி வெட்டுவது கடுங்குற்றம். பிலாக் வாங்கிய ரசீதோடு வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டு சென்று, சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவைத் திருத்திக்கொண்டார். இதற்கெனப் பல நாள் அலைந்தார். வாங்கும் முன்னரே பதிவு அட்டையை வாங்கி, இஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஒரு துணியால் துடைத்து ஒப்பிட்டிருந்தால் பிலாக்கின் எண் எங்கே இருக்கிறது என்பதாவது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

இஞ்சின் ஓடத் தொடங்கியதும் வேலை முடிந்துவிட்டதாகக் கருத வேண்டாம். முதல் முறை நன்கு சூடாகிக் குளிர்ந்த பிறகு ஹெட் போல்ட்டுகளை அதே வரிசையில் மீண்டும் இறுக்கி, வால்வு இடைவெளியைச் சரிபார்த்தல் வேண்டும். முதல் 500 மைல் வரை பாரம் ஏற்றாமல், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டி, பிறகு எண்ணெயை வடித்துப் புதிய எண்ணெய் ஊற்றுக. வடித்த எண்ணெயில் ஒரு காந்தத் துண்டை விட்டுப் பார்த்தால், மெல்லிய இரும்புப் பொடி சிறிதளவு ஒட்டுவது இயல்பே. கையில் தட்டுப்படும் அளவு துணுக்குகள் வந்தால், அடித்தொட்டியை மறுபடி கழற்றத்தான் வேண்டும்.