ஓடாது நின்ற பழைய கார்

1990களில் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களைச் சிறிது பெற்றோலில் இயக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். நோயாளரையும் மரக்கறி மூட்டைகளையும் அவையே சுமந்தன. இடம்பெயர்வால் நெடுங்காலம் நின்றுவிட்ட காரின் காபரேற்றரை மாற்றுமுன், எரிபொருள் வரும் வழியைத் தாங்கியிலிருந்து பார்ப்போம். வெளியிடத்தில், நெருப்பு அண்டாமல் வேலை செய்வோம்.

1. தாங்கி: பழைய பெற்றோல் பிசினாகும். அதையும் அடியிலுள்ள நீர், துருவையும் வடித்துப் புதிதாக ஊற்றுவோம்.

2. பம்பு: மொறிஸ் மைனரில் மின்பம்பு உண்டு. சுவிச்சைப் போட்டதும் 'டிக் டிக்' என அடித்து நிற்பது நல்லது. ஓயாது அடித்தால் பெற்றோல் வரவில்லை, அல்லது குழாய் காற்று இழுக்கிறது. ஒலியே இல்லையெனில் மின்கம்பியையும் பம்பின் தொடுமுனைகளையும் பார்ப்போம்.

3. மிதவைக் கிண்ணம்: சுவிச்சை நிறுத்தி, மூடியைக் கழற்றி வண்டலைத் துடைப்போம். பெற்றோல் வழிந்தால் மிதவையின் ஊசியில் அழுக்கு இருக்கலாம்.

4. பிஸ்டன்: காற்று வடியைக் கழற்றி, காபரேற்றர் பிஸ்டனை விரலால் உயர்த்தி விடுவோம். 'டக்' என விழவேண்டும். சிக்கினால் பெற்றோலால் கழுவுவோம், அரத்தாள் போடக்கூடாது.

ஒவ்வொரு படியும் முடிந்தபின் இயக்கிப் பார்ப்போம். தேவையற்ற செலவு மிஞ்சும்.