காப்புரிமை: தொழில் தொடங்குவோர் அறியவேண்டியவை

கியூபெக் மாகாணத்தின் வல்கூர் என்னும் சிற்றூரில் வாகனத் திருத்தகம் நடத்திய ஜோசப்-ஆர்மான் பொம்பார்டியே, பனியில் ஓடும் ஊர்தியின் இயக்க அமைப்புக்கு 1937இல் காப்புரிமை பெற்றார். 1942இல் தமது நிறுவனத்தை நிறுவினார்.

இன்று கனடாவில் காப்புரிமை, முதலில் கண்டுபிடித்தவருக்கன்று, முதலில் விண்ணப்பித்தவருக்கே உரியது. தமது கண்டுபிடிப்பைத் தாமே வெளிப்படுத்தியவர் 12 மாதங்களுக்குள் இங்கு விண்ணப்பிக்கலாம். ஐரோப்பாவில் இவ்வாறான பொதுச் சலுகை இல்லை. எனவே கண்காட்சியிலோ சமூக ஊடகத்திலோ விளக்குவதற்கு முன்னரே, கனடியப் புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பித்துவிடுக. முதலீட்டாளரிடம் முன்கூட்டியே பேச நேரின், இரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் முதலில் கையொப்பம் பெறுக.

காப்புரிமை, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் வரை நீடிக்கும். உரிய காலத்தில் பராமரிப்புக் கட்டணம் செலுத்துதல் வேண்டும். கனடிய உரிமை கனடாவுக்குள் மட்டுமே செல்லும்.