துருவக் குளிரில் விடுமுறை: புறப்படுமுன் கவனிக்க வேண்டியவை

நத்தார் விடுமுறையும் மாசி மாத விடுமுறையும் நெருங்கும் காலத்தில் எம்மிடம் வரும் நம்மவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டொக்டர், பிள்ளையள் துரொம்சோவுக்குப் போய் வடதுருவ ஒளி பார்க்கவேணும் எண்டு நிக்கினம். எனக்குச் சலரோகம். போகலாமோ?" போகலாம் என்பதே எமது பதில். ஆனால் ஒஸ்லோவில் கடைக்குப் போகும் உடுப்போடும் சப்பாத்தோடும் போகக்கூடாது.

வட நோர்வே எம்மவருக்குப் புதிய இடமல்ல. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அகதிகளாக வந்த பலர் பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள். நாமும் 1989 ஆம் ஆண்டின் குளிர்காலத்தை அங்கேதான் கழித்தோம். ஒருநாள் தொப்பியில்லாமல் நடந்து வந்ததில் காது மரத்துப் போயிற்று. கூட வேலை செய்த ஒரு பெரியவர் பனியை அள்ளி அன்போடு தேய்த்து விட்டார். அடுத்த நாள் காது முழுவதும் கொப்புளம். அந்தக் காலத்தில் பலரும் நம்பிய வைத்தியம் அது. முற்றிலும் பிழையானது. உறைந்த தோலைத் தேய்த்தால் உள்ளே இருக்கும் இழையங்கள் மேலும் சிதையும்.

துரொம்சோ நகரம் துருவ வட்டத்துக்கு வடக்கே இருந்தாலும், கடலின் வெப்ப நீரோட்டத்தால் தை மாதச் சராசரி வெப்பநிலை சைபருக்குக் கீழ் 4 பாகை அளவில்தான் இருக்கும். இதைக் கேட்டு ஏமாறுபவர்களே அதிகம். கரையில் முகில் இருந்தால், வடதுருவ ஒளி காட்டும் பஸ்கள் தெளிந்த வானம் தேடி உள்நாட்டுக்கு, பின்லாந்து எல்லை வரை ஓடும். அங்கே சைபருக்குக் கீழ் 20, 25 பாகை சாதாரணம். காற்றையும் கணக்கில் எடுங்கள். சைபருக்குக் கீழ் 10 பாகையில் செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் காற்று வீசினால், மூடாத தோலுக்கு அது கீழ் 20 பாகை போன்றது. ஸ்னோ ஸ்கூட்டரிலோ நாய் வண்டியிலோ போகும்போது காற்றே இல்லாவிட்டாலும் வேகம் அந்தக் காற்றை உண்டாக்கிவிடும்.

எம்மிடம் சிகிச்சை பெறும் ஒருவரின் கதையை அவரது அனுமதியுடன் எழுதுகிறோம். ஐம்பது வயது கடந்தவர், நீண்ட கால நீரிழிவு நோயாளி. தோல் சப்பாத்துடனும் ஒரு சோடிப் பருத்திக் காலுறையுடனும் மூன்று மணித்தியாலம் பனியில் நின்று ஒளியைப் பார்த்தார். கால் நோகவில்லை. நோகாததுதான் ஆபத்து. நீரிழிவால் அவரது கால் நரம்புகள் ஏற்கெனவே உணர்விழந்திருந்தன. விடுதிக்குத் திரும்பியதும் மரத்த கால்களைச் சுவர் ஹீற்றரோடு அணைத்து வைத்தார். சூடும் தெரியவில்லை. உறைவின் மேல் எரிகாயம். இறுதியில் இரண்டு விரல்களின் நுனிகள் அகற்றப்பட்டன. "அண்டைக்கு நல்ல வடிவாய் இருந்தது டொக்டர்" என்று மட்டும் இப்போதும் சொல்வார்.

குளிரில் உடல் முதலில் இருதயத்தையும் மூளையையும் காப்பாற்றவே பார்க்கும். அதற்காகக் கை, கால், மூக்கு, காது ஆகியவற்றுக்கான இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். இரத்தம் குறைந்த இடம் உறையத் தொடங்கும். பாடப் புத்தகங்களில் தோல் வெள்ளையாக மாறும் என்று இருக்கும். எமது கரிய தோலில் அந்த வெண்மை இலகுவில் தெரியாது. சாம்பல் நிறம், மெழுகு போன்ற மினுமினுப்பு, தொட்டால் விறைப்பு, இவற்றைப் பாருங்கள். இருவர் இருவராக, கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒருவர் முகத்தை மற்றவர் பார்ப்பது நல்லது. மரத்த கன்னத்தில் வெறும் உள்ளங்கையை வைத்துச் சூடேற்றுங்கள். விரலைக் கமக்கட்டுக்குள் வையுங்கள். தேய்க்க வேண்டாம், நெருப்பிலும் காட்ட வேண்டாம். உணர்வு திரும்பாவிட்டாலோ கொப்புளம் வந்தாலோ 116117 என்ற இலக்கத்தில் அவசர மருத்துவரை அழையுங்கள்.

உடுப்பில் பருத்தியைத் தவிருங்கள். வியர்வையில் நனைந்த பருத்தி காயாது. உடலோடு மெல்லிய கம்பளி, அதன்மேல் தடித்த கம்பளி, வெளியே காற்றுப் புகாத அங்கி. சப்பாத்து ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். இறுகிய சப்பாத்துக்குள் மூன்று சோடி காலுறை போட்டால் இரத்தம் ஓடாது, கால் இன்னும் குளிரும். தோடு போன்ற உலோக நகைகளை விடுதியிலேயே கழற்றி வையுங்கள். சேலையில் படம் எடுக்க ஆசைப்படும் தங்கைமார், ஜக்கற்றைத் திறந்து படத்தை எடுத்துவிட்டு உடனே மூடினால் எமக்கு ஆட்சேபனை இல்லை.

சிறு பிள்ளைகள் விடயத்தில் ஒன்று. சறுக்கு வண்டியில் பிள்ளையை இருத்தி இழுக்கும் அப்பாவுக்கு வியர்க்கும். அசையாமல் இருக்கும் பிள்ளை விறைத்துக்கொண்டிருக்கும். உங்கள் சூட்டை வைத்துப் பிள்ளையின் சூட்டைக் கணிக்க வேண்டாம்.

இன்சுலின் பேனாவைப் பையில் அல்ல, உள்சட்டைப் பையில் உடலோடு வையுங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிய பின்னும் பயன்படாது, எறிந்துவிட வேண்டும். சீனி பார்க்கும் கருவியும் கடுங்குளிரில் வேலை செய்யாது. ஆஸ்துமா உள்ளவர்கள் பம்பை அதே இடத்தில் வைத்து, மூக்கையும் வாயையும் சால்வையால் மூடி மூச்சு விடுங்கள். குளிர் இரத்த அழுத்தத்தைக் கூட்டும். இருதய நோயாளிகள் பனியில் மலை ஏறுவதற்கும் புதைந்த காரைத் தள்ளுவதற்கும் முன்வர வேண்டாம். மாப்பிள்ளை தள்ளட்டும். "ஒரு கிளாஸ் எடுத்தால் சூடு" என்பதும் பொய். மது தோலின் இரத்தக் குழாய்களை விரிப்பதால் சூடு போலத் தெரியும், உண்மையில் உடற்சூடு வெளியேறுகிறது.

உடல் வெப்பம் 35 பாகைக்குக் கீழ் போனால் நடுக்கம், தடுமாற்றம், குழறிய பேச்சு வரும். பின்னர் நடுக்கம் நின்றுவிடும். அது நல்ல அறிகுறி அல்ல. ஈர உடுப்பைக் கழற்றிப் போர்த்து, படுக்கவைத்து, மெதுவாகக் கையாண்டு 113 ஐ அழையுங்கள். நல்ல நினைவோடு இருந்தால் மட்டும் சூடான இனிப்புப் பானம் கொடுங்கள். விறைத்துக் கிடப்பவரை இறந்துவிட்டார் என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். 1999 மே மாதம் நார்விக் அருகே பனிச்சறுக்கின்போது அன்னா போகென்ஹோல்ம் என்ற சுவீடன் மருத்துவர் பனிக்கட்டிக்கு அடியில் ஓடும் நீரில் 80 நிமிடங்கள் சிக்கியிருந்தார். துரொம்சோ வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டபோது அவரது உடல் வெப்பம் 13.7 பாகை. இருதயம் நின்றிருந்தது. வழியெல்லாம் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பித்தலை நிறுத்தாமல் வந்தார்கள். அவர் பிழைத்து, மீண்டும் மருத்துவராக வேலைக்குத் திரும்பினார்.

இவ்வளவும் எழுதினாலும், விடுமுறை முடிந்து எம்மிடம் வருபவர்களில் உறைந்த விரலை விட உடைந்த மணிக்கட்டே கூட. துரொம்சோவின் வீதிகள் கண்ணாடி போன்றவை. சப்பாத்தில் மாட்டும் முள் வளையங்களை "புரொடர்" என்று கேட்டால் விளையாட்டுப் பொருள் கடைகளில் தருவார்கள், விலையும் அதிகமில்லை. விமான நிலையத்துக் கதவைத் தாண்டுமுன் மாட்டிக்கொள்ளுங்கள். அம்மம்மாவும் கூட வருகிறார் என்றால் முதலில் அவருக்கு மாட்டிவிடுங்கள்.