ஊக்கத் தொகையும் ஊழியர் உழைப்பும்

உழைப்புக்கு ஏற்ற ஊதியம் என்பது கேட்பதற்கு எளிய கொள்கை. ஆனால் உழைப்பை எதைக் கொண்டு அளப்பது, அளப்பவர் யார், அளவின்படி தொகை உண்மையில் வழங்கப்படுகிறதா என்ற வினாக்கள் எழும்போதுதான் சிக்கல் தெரிகிறது.

இந்திய ரயில்வேயில் உற்பத்தித் திறனுடன் இணைந்த போனஸ் 1979-80 ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. அண்மைக் காலத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்து 78 நாள் ஊதியம் வழங்கப்பட்டுள்ளது. கணக்கீட்டுக்கான மாத ஊதிய வரம்பு 7,000 ரூபாய் என்பதால், ஒருவருக்குக் கிடைத்த உச்சத் தொகை 17,951 ரூபாய். பாதை பராமரிப்பவர் ஒருவர் கூடுதலாக உழைத்தாலும் குறைவாக உழைத்தாலும் இத்தொகையில் மாற்றம் ஏதும் இராது. ஆகவே இதனைத் தனி மனிதர் முயற்சிக்கான ஊக்கம் என்பதைவிட, நிறுவனத்தின் பயனில் தொழிலாளர் பெறும் பங்கு என்று கொள்வதே பொருத்தம். அந்த வகையில் அது நியாயமானதே.

தனி ஊழியரின் முயற்சியோடு ஊதியத்தை நேரடியாக இணைத்தால் என்ன ஆகும்? இராஜஸ்தானத்தின் உதயப்பூர் மாவட்டத்தில் இதற்கான சோதனை 2003 ஆம் ஆண்டில் தொடங்கியது. அங்கு 'சேவா மந்திர்' என்னும் தொண்டு நிறுவனம் நடத்திய ஓராசிரியர் பள்ளிகளில் ஆசிரியர் வராவிட்டால் பள்ளியே இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளுள் ஏறத்தாழப் பாதி குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு, அவற்றுக்கு நாளும் நேரமும் பதியும் புகைப்படக் கருவி வழங்கப்பட்டது. பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் ஒரு மாணவர் ஆசிரியரையும் பிற பிள்ளைகளையும் படம் எடுப்பார். இரு படங்களுக்கும் இடையே ஐந்து மணி நேரமேனும் இருந்தால்தான் அது வேலை நாள்.

ஊதிய முறை கவனத்துக்குரியது. மற்றப் பள்ளிகளில் மாதம் 1,000 ரூபாய் நிலையான சம்பளம். வருகை மோசமானால் பணி நீக்கம் என்ற எச்சரிக்கை மட்டும் உண்டு. கருவி வைத்த பள்ளிகளிலோ பத்து நாள் வரை 500 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய். இருபது நாள் வந்தவருக்குப் பழைய சம்பளமே கிடைக்கும். இருபத்தாறு நாள் வந்தவருக்கு 1,300 ரூபாய். நிலையான சம்பளப் பள்ளிகளில் 42 சதவீதமாக இருந்த ஆசிரியர் வராமை, இங்கு 21 சதவீதமாயிற்று.

வருகைக்குப் பணம் தந்தால் ஆசிரியர் வந்து அமர்ந்திருப்பாரேயன்றிக் கற்பிக்கமாட்டார் என்ற ஐயம் இயல்பானது. அவ்வாறு நிகழவில்லை. வகுப்பில் இருந்த நேரத்தில் இரு தரப்பினரும் ஒரே அளவில்தான் கற்பித்தனர். பள்ளி திறந்திருந்த நாட்கள் கூடியதால் பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்களும் உயர்ந்தன. வந்துவிட்ட ஆசிரியருக்குப் பாடம் நடத்துவது பெரும் சுமையாக இல்லை போலும், வருவதுதான் சுமை.

இதே மாவட்டத்தில் மற்றொரு சோதனையும் நடந்தது. 2002-03 இல் எடுத்த ஆய்வில் அங்குள்ள சுகாதாரத் துணை நிலையங்கள் வேலை நேரத்தில் 56 சதவீதம் மூடியிருந்தன. மலைப்பாதையில் பிள்ளையைத் தூக்கி வந்த தாய் பூட்டிய கதவைக் கண்டு திரும்ப வேண்டிய நிலை. எனவே 2006 இல் அரசு செவிலியருக்கு நேரம் பதியும் கருவி தரப்பட்டது. குறிப்பிட்ட நாட்களில் பாதிக்கு மேல் வராதவர்களின் சம்பளத்தைப் பிடிப்பதென்றும் அறிவிக்கப்பட்டது.

முதல் மாதங்களில் வருகை கணிசமாக உயர்ந்தது. ஆனால் மேலதிகாரிகள் செவிலியருக்கு 'விலக்கு நாட்கள்' அளிக்கத் தொடங்கினர். கூட்டம், கணக்கெடுப்பு, வேறு பணி எனக் காரணங்கள் பெருகின. விலக்கு நாளுக்குப் பிடித்தம் இல்லை. ஏறத்தாழப் பதினாறு மாதங்களில், கருவி இருந்த நிலையங்களுக்கும் இல்லாத நிலையங்களுக்கும் இடையே வருகையில் வேறுபாடே இல்லாமற் போயிற்று.

பள்ளிகளில் படத்தைப் பார்த்துக் கணக்கிட்ட நிறுவனம், தான் அறிவித்த விதியை நிறைவேற்றியது. சுகாதாரத் துறையில் கருவி சரியாகவே நேரத்தைப் பதிந்தாலும், வராத நாளை வந்த நாளுக்கு நிகராக்கும் அதிகாரம் கருவிக்கு மேலே ஒருவரிடம் இருந்தது.