கணக்கு வருமா என்று கேட்டால்

மயிலாடுதுறை
ஞாயிறு மாலை

அன்புள்ள மீனாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். இங்கே குக்கர் கத்திக்கொண்டிருந்தது, நீயும் பஸ்ஸில் இருந்தாய். அரைகுறையாகச் சொல்லிவிடக் கூடாதே என்று விட்டுவிட்டேன்.

“இசை கற்றால் மூளை வளரும், கணக்கு வரும்” என்று அட்மிஷன் நோட்டீஸுக்கு ஒரு வரி எழுதித் தரச் சொல்லி நீ பாட்டு சொல்லித்தரும் பள்ளிக்கூடத்துக் கரஸ்பாண்டென்ட் கேட்கிறார், எழுதலாமா என்கிறாய். எழுதாதே.

அந்தப் பேச்சு எங்கே கிளம்பியது தெரியுமா? 1993-இல் கலிபோர்னியாவில் 36 கல்லூரி மாணவர்களுக்குப் பத்து நிமிஷம் மொசார்ட்டின் பியானோ இசையைப் போட்டார்கள். உடனே ஒரு பரீட்சை. மடித்து வெட்டிய காகிதத்தை விரித்தால் எப்படி இருக்கும் என்பது போன்ற கேள்விகள். கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். அந்தக் கெட்டிக்காரத்தனம் கால்மணி நேரத்துக்குள் கரைந்தும் போனது. அவர்கள் குழந்தைகள் இல்லை, பாட்டுக் கற்றவர்களும் இல்லை, சும்மா உட்கார்ந்து கேட்டவர்கள். இதை வைத்து 1998-இல் ஜார்ஜியா மாநில கவர்னர், பிறக்கும் குழந்தைக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் கேட்டார். நம்மூராக இருந்தால் திட்டத்துக்கு இன்னும் நல்ல பெயராக வைத்திருப்பார்கள்.

நிஜமாகவே கற்றுக்கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. கனடாவில் கிளென் ஷெல்லன்பர்க் ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரைப் பிரித்தார். சிலருக்குக் கீபோர்டு, சிலருக்கு வாய்ப்பாட்டு, சிலருக்கு நாடகம், மிச்சப் பேருக்கு ஒன்றும் இல்லை. 2004-இல் முடிவு வந்தது. பாட்டுப் பிள்ளைகளுக்கு ஐ.க்யூ. மற்றவர்களைவிடக் கூடுதலாக ஏறியிருந்தது, ஆனால் மூன்று புள்ளிகூட இல்லை. நாடகப் பிள்ளைகள் பழகும் விதத்தில் தேறியிருந்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது. பிற்பாடு வேறு பலர் செய்து பார்த்ததையெல்லாம் சேர்த்து அலசினார்கள். ஒப்பிடும் குழுவை ஒழுங்காக வைத்த ஆய்வுகளில் அந்த லாபம் கிட்டத்தட்டக் காணாமல் போகிறது.

கணக்கு வர வேண்டுமானால் கணக்குத்தான் போட வேண்டும். பாட்டைக் கணக்கின் பேரில் விற்றாயானால், அரையாண்டு நெருங்கும்போது கணக்கு டீச்சர் வந்து உன் பீரியடைக் கேட்பார். நீ மறுக்க முடியாது. நீயே எழுதிக் கொடுத்த நியாயம்தானே? “காது கூர்மையாகும். கேட்டதைக் குரலில் கொண்டுவரத் தெரியும். நாற்பது பேரோடு சேர்ந்து ஒரு தாளத்தில் நிற்கத் தெரியும்” என்று எழுதிக் கொடு. உன்னால் தர முடிந்தது அவ்வளவுதான், அதுவே நிறைய.

இனி நான் செய்த ஒரு காரியம். உங்கப்பாவுக்குக்கூடத் தெரியாது.

முப்பது வருஷத்துக்கு முன்னால், நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்துக்குக் கோரஸ் பழக்கிக்கொண்டிருந்தேன். ஆறாவது படிக்கிற பையன் ஒருவன், நல்ல கணீர்க் குரல், ஆனால் எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே ஸ்வரம். மறுநாள் விழா. “நீ வாயை மட்டும் அசைடா” என்றேன். அவனும் அசைத்தான்.

போன தை மாசம் ஒரு கல்யாணத்தில் மைக் செட்காரராக அவனைப் பார்த்தேன். வரவேற்புக் கச்சேரி நடுவில் ஸ்பீக்கர் ‘ஊ’ என்று ஊளையிட்டது. தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒரு நொடி கேட்டான். அவன் முன்னால் இருந்த பெட்டியில் 31 குமிழ் வரிசையாக இருந்தது. அதில் ஒன்றே ஒன்றைப் பிடித்து இறக்கினான். ஊளை நின்றது. எப்படிடா கண்டுபிடித்தாய் என்றேன். “அதான் காதுல விழுதே டீச்சர்” என்றான். பாடுவதுண்டா என்று கேட்டேன். “எனக்குத்தான் பாட்டு வராதே” என்று சிரித்தான், பெயரைச் சொல்வது போல. அன்றைக்கு எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

சுருதி பேதமே காதில் விழாதவர்கள் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர்தான். சுருதி சேராமல் பாடும் மற்ற பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் காது சரியாகவே இருக்கும். காதுக்கும் தொண்டைக்கும் நடுவில் வழி விழவில்லை, அவ்வளவே. அந்த வழி நடந்து நடந்துதான் விழும். நாம் வாயை மூடச் சொன்னால் நடக்கவே இடமில்லாமல் போகும்.

அப்படிப்பட்ட பிள்ளை உனக்கும் வருவான். உன் ஸ்வரத்துக்கு அவனை இழுக்காதே. அவன் எங்கே நிற்கிறானோ அங்கே நீ போய் அதையே பாடு. இரண்டு குரல் ஒன்றாவது எப்படி இருக்கும் என்று அவனுக்கு முதல் தடவையாகத் தெரியும், முகம் மாறுவதை நீயே பார்ப்பாய். பிறகு அரை அரை ஸ்வரமாக மேலே கூட்டிவா. இன்னொன்று, உன் தொண்டைக்கு வாகான சுருதி எட்டு வயசுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் தாழ்வு. ஏற்றிப் பார். பாதி அபஸ்வரம் அதிலேயே போய்விடும்.

சரளி வரிசை போரடிக்கிறது, சினிமாப் பாட்டில் தொடங்கலாமா என்றும் கேட்டாய். நடுநடுவே பாடட்டும், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் சரளி வரிசையின் ராகமான மாயாமாளவகௌளையை விட்டுவிடாதே. புரந்தரதாசர் வகுத்தது என்பார்கள், யாராக இருந்தாலும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தவர்தான் இதைச் செய்திருக்க முடியும். ‘ஸரிகம’ எந்த இடைவெளியில் ஏறுகிறதோ, ‘பதநிஸ’வும் அதே இடைவெளியில் ஏறுகிறது. ஸட்ஜத்தை ஒட்டி ரி, மத்யமத்தை ஒட்டி க, பஞ்சமத்தை ஒட்டி த, மேல் ஸட்ஜத்தை ஒட்டி நி. இந்த நான்கு ஸ்வரத்துக்கும் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு தூண். கீழ்ப் பாதி படிந்தால் மேல் பாதி தானாக வரும். பிறகு மலஹரியில் கீதம் ஆரம்பிக்கும்போது பார், புது ஸ்வரம் ஒன்றுகூடக் கிடையாது. நிஷாதத்தை விட்டுவிட்டு மிச்சத்தை வைத்தே பாட்டு. ஒரு சமயத்தில் ஒரு பாரம்தான் தலையில் ஏற்றுகிறார்கள்.

நாம்தான் அவசரப்பட்டு மூன்றாம் காலத்துக்கு ஓடுகிறோம். ஆண்டு விழாவில் அதற்குத்தான் கைத்தட்டல். வேகத்தில் செய்த தப்பு தப்பாகவே பாடமாகிவிடும், பிறகு அதைக் கழற்றுவதற்குள் நம் பிராணன் போகும். நோட்டையும் மூடச் சொல். பார்த்துப் பாடுவது சுகமாக இருக்கும், ஆனால் நினைவிலிருந்து தேடி எடுக்கும்போதுதான் பதியும். பெற்றோரிடம் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வேண்டாம், தினம் பத்து நிமிஷம் போதும் என்று சொல்லிவை.

பத்தாயிரம் மணி நேரம் என்று யாராவது கிளம்பினால் பயப்படாதே. அது பெர்லின் வயலின் மாணவர்களில் முதல்தரமானவர்கள் இருபது வயதுக்குள் சேர்த்திருந்த சராசரி, 1993-இல் எரிக்சன் எழுதியது. தாண்டவேண்டிய கோடு அல்ல. மணிக்கணக்கைவிட, வராத இடத்தைப் பிடித்துத் திருத்துவதைத்தான் அவர் வலியுறுத்தினார். “முதலிலிருந்து பாடு” என்று சொல்லும் நம் வழக்கத்துக்கு அது நேர் எதிர். தடுக்குகிற அந்த இரண்டு ஆவர்த்தனத்தை மட்டும் பாடச் சொல்லிப் பாரேன்.

உங்கப்பா புதன்கிழமை வருகிறானாம். என் பழைய சுருதிப் பெட்டியைக் கொடுத்தனுப்புகிறேன். செல்போன் சுருதி நாற்பது பிள்ளைகளுக்கு எட்டாது. துருத்தியில் ஒரு மடிப்பில் காற்றுக் கசிகிறது, பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன். உரியாமல் பார்த்துக்கொள். பிள்ளைகளை முறை வைத்துப் போடச் சொல், கடைசி பெஞ்சிலிருந்து ஆரம்பி.

உன்
அத்தை